பூட்டு ஒரே நாளில் விழவில்லை
ரஷ்யாவில் சாதாரண மக்களின் வாழ்க்கையும் இணையத் தணிக்கையும்

ரஷ்யாவின் அரசியலமைப்புச் சட்டம் 1993ஆம் ஆண்டு டிசம்பரில் பொது வாக்கெடுப்பின் வழி ஏற்கப்பட்டது. சிந்திக்கவும் பேசவும் எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது அதன் 29ஆவது விதி. அதோடு நில்லாமல், தணிக்கை தடை செய்யப்படுகிறது என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒருவருடைய கடிதப் போக்குவரத்தும் தொலைபேசி உரையாடலும் அந்தரங்கமானவை என்பது 23ஆவது விதி. இந்த விதிகளில் ஒன்றுகூட இதுவரை நீக்கப்படவில்லை.

அப்படியிருக்க, அதே நாட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டகிராம் மூன்றும் இரண்டே வாரத்துக்குள் மூடப்பட்டது எப்படி? தணிக்கையைத் தடை செய்யும் நாட்டில் தணிக்கை எந்த வழியாக நுழைந்தது? மக்கள் ஏன் தடுக்கவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு தேதியையோ ஒரு சட்டத்தையோ சுட்டிக்காட்டி விடை சொல்ல முடியாது. இந்தப் பூட்டு பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப்பட்ட பூட்டு.

வாழ்க்கை எப்படி இருக்கிறது?

ரஷ்யா என்றதும் பனியும், ரொட்டிக் கடை முன் நீண்ட வரிசையும், வாய் திறக்க அஞ்சும் மக்களும் பலருக்கு நினைவில் வரலாம். அது சோவியத் காலத்துப் படம். இன்றைய ரஷ்ய நகரவாசி இணையத்தில் ஊறிப்போனவர். மாஸ்கோ சுரங்க ரயிலின் எல்லாத் தடங்களிலும் 2014ஆம் ஆண்டிலேயே இலவச இணைய வசதி வந்துவிட்டது. 'யாண்டெக்ஸ்' நிறுவனத்தின் செயலியில் டாக்சி அழைக்கலாம், வழி தேடலாம், உணவு வரவழைக்கலாம். 'வைல்ட்பெரிஸ்', 'ஓசோன்' ஆகிய இணையக் கடைகளின் பொருள்களை வாங்கிச் செல்லும் நிலையங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன.

அரசாங்க அலுவலகங்களில் கால் கடுக்க நிற்கும் வேலையும் பெரிதும் குறைந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கோசுஸ்லுகி' எனும் அரசாங்கச் சேவைத் தளத்தில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கலாம். கடப்பிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அபராதம் கட்டலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பதிந்துகொள்ளலாம். சோவியத் காலத்தில் வெளிநாடு செல்ல அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும். பிற்காலத்தில் பிறந்த தலைமுறையோ துருக்கிக்கும் தாய்லாந்துக்கும் விடுமுறைக்குப் போய் வந்து வளர்ந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சராசரி ரஷ்யக் குடும்பத்துக்குத் தணிக்கை என்பது பெரும்பாலும் கதவைத் தட்டும் காவல்காரராக வருவதில்லை. திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு வட்டமாக வருகிறது. நேற்று ஓடிய காணொளி இன்று ஓடாது. போன வாரம் தெளிவாகக் கேட்ட மகளின் குரல் இந்த வாரம் விட்டுவிட்டுக் கேட்கும். இணைப்புதான் கோளாறோ என்று முதலில் தோன்றும். காரணம் பிறகுதான் தெரியவரும்.

சமையலறையில் பேசிய தலைமுறை

தடையைத் தாண்டுவது ரஷ்யர்களுக்குப் புதிதன்று. சோவியத் ஆட்சியில் அச்சகங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தன. தடை செய்யப்பட்ட நூல்களை மக்கள் தட்டச்சு இயந்திரத்தில் கரித்தாள் வைத்துப் படி எடுத்து, இரகசியமாகக் கை மாற்றிக்கொண்டார்கள். இதற்கு 'சமிஸ்தாத்' என்று பெயர். 'தானே பதிப்பித்தது' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஜாஸ் இசைக்கு வரவேற்பில்லாத 1940, 50களில், மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி அவற்றில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். விலா எலும்பு தெரியும் தட்டிலிருந்து இசை வரும்.

இரவில் வெளிநாட்டு வானொலி கேட்பதும் ஒரு வழக்கம். அரசாங்கம் அந்த அலைவரிசைகளில் இரைச்சலைக் கலந்துவிடும். கர்பச்சோவ் காலத்தில், 1988ஆம் ஆண்டு இறுதியில்தான் அந்த இரைச்சல் முழுமையாக நின்றது. மனம் விட்டுப் பேச வேண்டுமானால் நண்பர்கள் வீட்டுச் சமையலறைதான் இடம். வெளியில் ஒரு பேச்சு, சமையலறையில் ஒரு பேச்சு என்று இரு நாக்கோடு வாழ ஒரு தலைமுறை பழகியிருந்தது.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கர்பச்சோவை அகற்ற ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. தொலைக்காட்சியில் 'அன்னப் பறவை ஏரி' பாலே நடனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே நேரத்தில், 'ரெல்காம்' எனும் சிறிய கணினி வலையமைப்பு வழியாக மாஸ்கோவில் நடப்பவை மற்ற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தன. அதைத் துண்டிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரஷ்ய இணையத்தின் முதல் பெரும் தேர்வு அதுதான்.

ஒரே நாட்டில் இரண்டு நாடுகள்

விளாடிமிர் புட்டின் 2000ஆம் ஆண்டு அதிபரானார். மறு ஆண்டே, அரசாங்கத்தைக் குறைகூறிவந்த 'என்.டி.வி' தொலைக்காட்சி நிலையம் அரசாங்கச் சார்பு எரிவாயு நிறுவனமான 'காஸ்ப்ரோம்' வசம் போனது. நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே குரலில் பேசத் தொடங்கின. ஆனால், இணையத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெரும்பாலோருக்குச் செய்தி தந்தது தொலைக்காட்சிதான். இணையத்தில் இளையர்கள் பேசிவிட்டுப் போகட்டும் என்று விடப்பட்டது.

அதனால் அங்கே தனி உலகமே வளர்ந்தது. 'லைவ்ஜர்னல்' வலைப்பதிவுகளில் அரசியல், இலக்கியம், சமையல் குறிப்பு எல்லாம் அலசப்பட்டன. பாவெல் துரோவ் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 'வி.கொன்தாக்தே' சமூகத் தளம் மாணவர்களை ஈர்த்தது. இப்படி ஒரே வீட்டில் வரவேற்பறையில் தொலைக்காட்சி ஒரு நாட்டைக் காட்டியது; பிள்ளையின் அறையில் கணினி வேறொரு நாட்டைக் காட்டியது.

இந்த இரண்டு நாடுகளுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை மலேசியர்கள் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி காட்டும். 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அவர்களில் 43 பேர் மலேசியர்கள். அதே ஆண்டு நவம்பரில் ரஷ்யாவின் முதல் அலைவரிசை, போர் விமானம் ஒன்று அந்தப் பயணிகள் விமானத்தைச் சுடுவதுபோன்ற செயற்கைக்கோள் படத்தைக் காட்டியது. பழைய படங்களை ஒட்டித் தயாரித்த போலி அது என்பதை இணையப் பயனீட்டாளர்கள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், தொலைக்காட்சியை மட்டுமே பார்ப்பவருக்கு அந்த மறுப்பு எட்டுவது எளிதன்று. ரஷ்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'புக்' ஏவுகணைதான் விமானத்தை வீழ்த்தியது என்று நெதர்லாந்து நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. இரண்டு ரஷ்யர்களும் ஓர் உக்ரேனியரும் குற்றவாளிகள் என்றது. தணிக்கை உள்நாட்டு விவகாரம் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

பிள்ளைகளின் பெயரால் முதல் பட்டியல்

2011ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு நடந்தது என்று கூறி மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். வாக்குச் சாவடிகளில் எடுத்த காணொளிகள் இணையத்தில் பரவியதும், அங்கேயே கூட்டத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டன. கணினி அறையில் பேசப்பட்டது இப்போது தெருவுக்கு வந்துவிட்டது.

2012ஆம் ஆண்டு ஜூலையில் புதிய சட்டம் நிறைவேறியது. நோக்கம் பிள்ளைகளைப் பாதுகாப்பது என்றார்கள். சிறார் ஆபாசம், போதைப்பொருள், தற்கொலைத் தூண்டுதல் ஆகியவற்றைக் கொண்ட பக்கங்களைப் பட்டியலிட்டு முடக்கலாம். எந்தப் பெற்றோர் இதை எதிர்ப்பார்? ரஷ்ய மொழி விக்கிப்பீடியா ஒரு நாள் முழுதும் தன் பக்கங்களை மூடி எதிர்ப்புக் காட்டியது. ஆனாலும் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு 'ரொஸ்கோம்நத்சோர்' எனும் தகவல் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பிடம் சேர்ந்தது.

அடுத்த மாதமே மின்னூல் பதிப்பாளர் ஒருவரின் செய்தித் தளம் முடங்கியது. அதில் குற்றமான எதுவும் இல்லை. அது இருந்த அதே இணைய முகவரி எண்ணில், கஞ்சா பற்றிய நாட்டுப்புறக் கதைகள் கொண்ட வேறொரு தளமும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விழுந்த அடி இவர் மேலும் விழுந்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2020ஆம் ஆண்டு ஜூனில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ரஷ்யா அந்த நீதிமன்ற உடன்பாட்டிலிருந்தே நீங்கியது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

பட்டியல் ஒன்று உருவான பிறகு அதில் புதிய பெயர்களைச் சேர்ப்பது எளிது. அனுமதி பெறாத கூட்டங்களுக்கு அழைப்பு விடுக்கும் தளங்களை நீதிமன்றம் போகாமலேயே, தலைமை அரசு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால் முடக்கலாம் என்ற சட்டம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே எதிர்க்கட்சியினரின் செய்தித் தளங்கள் சில மறைந்தன. ரஷ்யர்களின் விவரங்களை ரஷ்ய மண்ணிலேயே சேமிக்க வேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டு வந்தது. அதற்கு இணங்காத 'லிங்க்ட்இன்' 2016ஆம் ஆண்டு முடக்கப்பட்டது. மக்கள் அனுப்பும் செய்திகளையும் பேசும் அழைப்புகளையும் ஆறு மாதம்வரை நிறுவனங்கள் சேமித்து வைக்க வேண்டும் என்ற சட்டமும் அதே 2016ஆம் ஆண்டு நிறைவேறியது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது தனக்கு இல்லை, வேறு யாருக்கோ என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள்.

தபால் நிலையத்தில் ஓர் ஆய்வாளர்

இணையத்தை முடக்குவது எப்படி நடக்கிறது? தபால் சேவையை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

முதலில், இந்த முகவரிகளுக்குக் கடிதம் கொடுக்காதே என்று ஒவ்வொரு தபால்காரரிடமும் ஒரு பட்டியல் தரப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்கள்தாம் அந்தத் தபால்காரர்கள். ஒரு தளம் வீடு மாறினால் பட்டியல் பயனற்றுப் போய்விடும்.

2018ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்தது அதுதான். டெலிகிராம் செயலியின் மறைகுறிச் சாவிகளைப் பாதுகாப்புத் துறை கேட்டது. பாவெல் துரோவ் மறுத்தார். நீதிமன்றம் தடை விதித்தது. டெலிகிராம் அமேசான், கூகல் நிறுவனங்களின் முகவரிகளுக்கு மாறி மாறித் தாவியது. வீட்டு எண் தெரியாததால் தெருவையே அடைப்பதுபோல், ஒரு கோடியே 50 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரி எண்களைக் கண்காணிப்பு அமைப்பு முடக்கியது. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குச் சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் நின்றன. ஆயிரக்கணக்கானோர் மாஸ்கோவில் கூடி, டெலிகிராமின் சின்னமான காகித விமானங்களைப் பறக்கவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 2020ஆம் ஆண்டு ஜூனில், தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

மக்கள் வென்றதாகவே பலரும் நம்பினார்கள். ஆனால், அரசாங்கம் அதில் பாடம் கற்றுக்கொண்டது. 'இறையாண்மை இணையம்' என்று அழைக்கப்படும் சட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இப்போது பட்டியலைத் தபால்காரரிடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தபால் நிலையத்திலும் அரசாங்கமே தன் ஆய்வாளரை உட்கார வைத்துவிட்டது. இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்பில் பொருத்தப்பட்ட இந்தக் கருவிகள், உறையைப் பிரிக்காவிட்டாலும் அதன் வடிவத்தையும் எடையையும் பார்த்தே இது எந்தச் செயலியின் கடிதம் என்று ஊகிக்கும். நிறுத்தலாம், அல்லது வேண்டுமென்றே தாமதப்படுத்தலாம்.

2021ஆம் ஆண்டு மார்ச்சில் ட்விட்டரை மந்தமாக்கியபோது அந்தக் கருவிகளுக்கு முதல் பெரிய சோதனை. ட்விட்டரின் சுருக்க முகவரியில் உள்ள 'ட்.கோ' எனும் எழுத்துகள் வேறு எந்த முகவரியில் வந்தாலும் அதுவும் சேர்ந்து முடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் முகவரிகூடத் தப்பவில்லை. நகைப்புக்கு இடமான அந்தத் தவறு விரைவில் திருத்தப்பட்டது. கருவிகள் நிலைத்துவிட்டன.

போர் தொடங்கிய பின்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மார்ச் 4ஆம் நாள், இராணுவம் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்ற சட்டம் வந்தது. நடப்பதைப் போர் என்று சொல்வதே ஆபத்தானது. 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்பதே அரசாங்கம் வகுத்த பெயர். 'எக்கோ மாஸ்கோ' வானொலி மூடப்பட்டது. ஆசிரியர் திமித்ரி முராத்தோவ் 2021ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்ற 'நோவயா கஸெட்டா' செய்தித்தாள் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. வெற்றுத் தாளைப் பிடித்து நின்றவர்கள்கூடத் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் பேரங்காடி ஒன்றில், ஓவியர் சாஷா ஸ்கோச்சிலென்கோ பொருள்களின் விலைச் சீட்டுகளுக்குப் பதிலாகப் போர் பற்றிய வரிகள் எழுதிய சிறு சீட்டுகளை வைத்தார். கடைக்கு வந்த மூதாட்டி ஒருவர் புகார் செய்தார். 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஓவியருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவர் விடுதலையானார். துலா வட்டாரத்தில் ஒரு பள்ளி மாணவி போருக்கு எதிராகப் படம் வரைந்தாள். அதையடுத்துத் தந்தையின் சமூகத் தளப் பதிவுகள் தோண்டப்பட்டு, 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராத இழப்புகளும் உண்டு. வீட்டில் கேக் செய்து விற்ற மாது, நகப் பூச்சுக் கலைஞர், தையல்காரர் எனப் பலருக்கும் இன்ஸ்டகிராம்தான் கடை வாசல். பல ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஒரே இரவில் கைக்கெட்டாமல் போனார்கள். பலரும் 'வி.பி.என்' எனும் மாற்று வழிச் செயலியை நாடினார்கள். கடிதத்தை வேறொரு நாட்டு உறைக்குள் வைத்து அனுப்புவதுபோன்றது அது. பேரப் பிள்ளைகள் பாட்டியின் கைப்பேசியில் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஒரு வி.பி.என் முடங்கினால் இன்னொன்று. சமிஸ்தாத்தின் பேரப் பிள்ளை என்றே அதைச் சொல்லலாம்.

அரசாங்கமும் விடவில்லை. தடையைத் தாண்டும் வழிகளை விளக்கி எழுதுவதற்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் தடை வந்தது. அவ்வாண்டு கோடையில் யூடியூப் மந்தமாக்கப்பட்டது. 'தீவிரவாத' நூல்கள், காணொளிகள் என்று அறிவிக்கப்பட்டவற்றின் பட்டியலில் 5,000க்கு மேற்பட்டவை உள்ளன. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், அவற்றைத் தெரிந்தே இணையத்தில் தேடினாலும் 3,000 முதல் 5,000 ரூபிள்வரை அபராதம். எழுதுவதும் பகிர்வதும் மட்டுமே தண்டிக்கப்பட்ட காலம் போய், தேடுவதும் தண்டனைக்குரியது ஆனது.

வசதியே விலங்காகும்போது

2025ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி, உக்ரேனின் ஆளில்லா வானூர்திகளைத் தடுக்கவே என்று கூறி, பல வட்டாரங்களில் கைப்பேசி இணையம் துண்டிக்கப்பட்டது. கடைகளில் அட்டை வழி பணம் செலுத்த முடியவில்லை. டாக்சி வரவில்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ள மக்கள் மீண்டும் பழகினார்கள். துண்டிப்பு நேரத்திலும் இயங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட சேவைகளுக்கு 'வெள்ளைப் பட்டியல்' ஒன்று தயாரானது. முன்பு கூடாதவற்றுக்குப் பட்டியல் இருந்தது. இப்போது கூடியவற்றுக்கும் பட்டியல்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் செயலிகளின் குரல் அழைப்புகள் கட்டுப்படுத்தப்பட்டன. மோசடிக்காரர்களைத் தடுக்க என்பது சொல்லப்பட்ட காரணம். செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய கைப்பேசியிலும் 'மாக்ஸ்' எனும் தேசியச் செயலி இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பள்ளிகளின் பெற்றோர் குழுக்கள் பல வட்டாரங்களில் அதற்கு மாறின. பிள்ளையின் வீட்டுப் பாடம் தெரிய வேண்டுமானால் பெற்றோரும் மாறத்தான் வேண்டும்.

கோசுஸ்லுகி தளத்துக்கும் இன்னொரு முகம் வந்தது. இராணுவ அழைப்பாணையை மின்னியல் பதிவேட்டில் இட்டாலே போதும், சம்பந்தப்பட்டவர் நாட்டை விட்டு வெளியேறத் தடை விழும் என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் சட்டம் இயற்றப்பட்டது. அந்த அழைப்பாணை இந்தத் தளத்தின் வழியாகவும் வரலாம். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்த அதே கதவு அது.

ஆதரிப்போர் வாதம்

இந்த நடவடிக்கைகளை ஆதரிக்கும் ரஷ்யர்களும் இருக்கிறார்கள். தொலைபேசி மோசடியில் ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த முதியவர்களும், பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ என்று அஞ்சும் பெற்றோரும் அவர்களில் உண்டு. அந்நிய நிறுவனங்கள் நம் சட்டத்துக்கு ஏன் கட்டுப்படக் கூடாது, மற்ற நாடுகளிலும் கட்டுப்பாடு இல்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இணையத்தை முற்றிலும் கட்டுப்பாடின்றி விட்டிருக்கும் நாடு அரிது.

வேறுபாட்டை அறிய நான்கு கேள்விகள் உதவும். முடக்கும் முடிவை எடுப்பது நீதிமன்றமா, அதிகாரியா? பாதிக்கப்பட்டவர் முறையிட வழி உண்டா? எது ஏன் முடக்கப்பட்டது என்று மக்களுக்குத் தெரியுமா? அந்த முடிவு தவறு என்று ஒரு நாளிதழ் எழுத முடியுமா? ரஷ்யாவில் 2012ஆம் ஆண்டு இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு நல்ல பதில் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அது தேய்ந்தது. பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட கருவி நாளிதழுக்கும், பிறகு மகளின் தொலைபேசி அழைப்புக்கும் பயன்பட்டதற்கு அந்தத் தேய்மானமே காரணம்.

முடக்கப்பட்ட தளங்களை எண்ணிவிடலாம். எழுதப்படாமல் போன வரிகளை எண்ண வழியில்லை. விமான நிலையத்துக்குப் போகுமுன் கைப்பேசியிலிருந்து பழைய உரையாடல்களை அழிப்பது, அலுவலகத்தில் போர் பற்றிய பேச்சு எழுந்தால் வானிலைக்கு மாறுவது, தெரியாதவர் முன்னால் சுற்றி வளைத்துப் பேசுவது ஆகியவை பலருக்குப் பழக்கமாகிவிட்டன. சமையலறைப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. வாய்ப் பூட்டுக்குக் காவல்காரர் தேவையில்லை, பழக்கம் போதும்.

பிள்ளைகளைப் பாதுகாக்க என்று சொல்லி முதல் பட்டியல் வெளிவந்தது 2012ஆம் ஆண்டில். அந்த ஆண்டு பிறந்த ரஷ்யக் குழந்தைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். பட்டியல் இல்லாத இணையத்தை அவர்கள் ஒரு நாளும் கண்டதில்லை. முன்பு எப்படி இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்கள்தாம். எத்தனை வீடுகளில் அது சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே இந்தப் பூட்டின் ஆயுள் அமையும்.